நால்வர் கூடிய நல்லிசை

நுழையும்முன்

ஒருவர் பாடப் பலர் கேட்பது இசையின் ஒரு நிலை. நால்வர் அமர்ந்து, ஒருவர்க்கொருவர் செவிகொடுத்து, தலைவர் தொண்டர் என்னும் வேறுபாடின்றி இசைப்பது மற்றொரு நிலை. மேலைநாட்டில் தோன்றிய இந்த நால்வர் இசை தமிழகத்துக்கு வந்தபோது நம் இராகங்களோடும் திரையிசையோடும் எவ்வாறு உறவாடியது? மரபிசையும் மக்களிசையும் கலக்கும்போது பெறுவது எது, இழப்பது எது? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

எல்லை நிலத்தின் இசை

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் அமைந்தது கிருட்டிணகிரி மாவட்டம். 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்நிலப்பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் அன்றாடம் ஒலிக்கின்றன. பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையின் சங்கொலி ஒரு புறம். சந்திரசூடேசுவரர் மலைக்கோயிலின் மணியொலி மறுபுறம். பல மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் தொழில்நாடி வந்தோர் தத்தம் பாட்டையும் கூத்தையும் உடன்கொண்டு வந்தனர்.

இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் கோடைக்காலத்தில் பாரதக் கூத்து நடைபெறும். அக்கூத்தின் பின்பாட்டுக் குழுவை உற்று நோக்கினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஆர்மோனியம் சுருதியையும் பண்ணையும் தாங்கும். மிருதங்கம் அடவுக்கு நடை கொடுக்கும். முகவீணை என்னும் சிறுகுழல் உச்சக்குரலில் உணர்ச்சியைக் கூட்டும். தாளம் காலத்தைக் கணிக்கும். இந்நான்கனுள் ஆர்மோனியம் ஐரோப்பாவில் உருவான கருவி. மிருதங்கமோ செவ்வியல் மேடைக்கும் உரியது. முகவீணை நாகசுரத்தின் குறுவடிவம் போன்றது. வேறுவேறு இடங்களிலிருந்து வந்த கருவிகள் ஒரு திடலில் ஒன்றாகி விடியவிடிய இசைக்கின்றன. கர்ணன் மோட்சத்தில் கண்ணீர் வரவழைப்பதும், கட்டியங்காரன் வரும்போது சிரிப்பூட்டுவதும் இக்குழுவின் பணிகளே.

செவ்வியல் இராகமும் நாட்டுப்புற மெட்டும் அவையைக் கவரும் ஆற்றலும் ஒரு சிறு குழுவில் இணைவது தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு இக்கூத்துமேடையே சான்று.

பல்லியமும் நால்வர் இசையும்

பல இசைக்கருவிகள் கூடி ஒலிப்பதைப் 'பல்லியம்' எனப் பழந்தமிழர் வழங்கினர். நெடும்பல்லியத்தனார் என்று ஒரு புலவர்க்குப் பெயர் அமைந்ததும் இதனோடு எண்ணத்தக்கது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவியின் ஆடலுக்குரிய கருவிகள் ஒன்றன்வழி ஒன்றாக இயங்கிய முறையை இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், தண்ணுமையைப் பின்பற்றி முழவும் இசைத்தன. ஒரு கருவி மற்றொன்றைக் கேட்டு அதற்கேற்ப ஒலித்தது என்பதே இதன் உட்பொருள். கூட்டிசையின் முதல் இலக்கணம் கேட்டல் ஆகும்.

ஐரோப்பாவில் இக்கருத்து வேறொரு வடிவம் கொண்டது. பெரிய அரங்கிலோ தேவாலயத்திலோ அன்றி, வீட்டுக் கூடத்தில் சிலர் கூடி இசைப்பதற்கென இயற்றப்பட்ட இசையை அறையிசை எனலாம். ஒரு கருவிக்கு ஒருவரே. நெறிப்படுத்த நடத்துநர் எவரும் இலர். இவ்வகையின் தலைசிறந்த வடிவமே நரம்பிசை நால்வர் குழு. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்பது அதன் அமைப்பு. வயோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது. அதன் குரல் தாழ்ந்து கனிந்திருக்கும். செல்லோ முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கப்படுவது. வயோலாவைவிட ஒரு தாயி கீழே ஒலிப்பது. ஒரே குடும்பத்துக் கருவிகளாதலின் நான்கும் ஒரே குரலின் நான்கு நிலைகள்போல் இழையும்.

ஆத்திரிய இசைமேதை யோசப் ஐடன் (1732–1809) இவ்வடிவத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட படைப்புகளை இயற்றி அதனை நிலைநிறுத்தினார். அறிவார்ந்த நால்வர் தம்முள் உரையாடுவதைக் கேட்பதுபோன்றது இவ்விசை என்று செருமானியக் கவிஞர் கோத்தே கருதினார். ஒருவர் பேசும்போது மற்றவர் அடங்குவர். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்வர். சில வேளைகளில் மாறுபடுவர். இறுதியில் ஒரு முடிவுக்கு வருவர்.

வயலின் நம் வீட்டுக் கருவியானது

தமிழகத்தில் நால்வர் இசை வேரூன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதற்கான நிலம் உழப்பட்டிருந்தது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரின் அவையில் மேலையிசைக் குழு ஒன்று இயங்கியது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயர் வாத்தியக்குழுக்களின் மெட்டுகளுக்குச் சாகித்தியம் அமைத்தார். 'நோட்டுசுர சாகித்தியம்' எனப்படும் இவை முப்பதுக்கும் மேற்பட்டவை. சங்கராபரண இராகத்தின் சுரங்களில் அமைந்தவை. அவருடைய இளவல் பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதனைக் கருநாடக இசைக்கு ஏற்றவாறு பழக்கினார்.

தீட்சிதரின் மாணவரும் தஞ்சை நால்வருள் ஒருவருமான வடிவேலு, வயலினை இன்னும் ஓங்கச் செய்தார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் இந்த உடன்பிறந்தார் நால்வரே பரதநாட்டிய நிகழ்ச்சியின் வரிசைமுறையை ஒழுங்குபடுத்தியவர்கள். வடிவேலுவின் புலமையைப் போற்றித் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834ஆம் ஆண்டு தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

கருவி வந்தது, ஆனால், அது வந்தபடியே இருக்கவில்லை. மேலைநாட்டார் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ தாடையால் பற்றி வாசிப்பர். நம்மவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியை வலக்காலில் ஊன்றினர். இதனால் இடக்கை முற்றிலும் விடுதலை பெற்றது. விரல்கள் தந்தியின்மேல் வழுக்கிச் செல்லவும் கமகங்களை எழுப்பவும் முடிந்தது. சட்சமும் பஞ்சமமும் மாறிமாறி வருமாறு தந்திகளைச் சுருதி சேர்த்தனர். கருவி ஐரோப்பாவினுடையது, அதன் பேச்சு நம்முடையது.

தெரிந்து தெளிவோம்

ஒலிபெருக்கி பரவாத காலத்தில், பெரிய அவையின் கடைக்கோடிவரை வயலின் ஒலி எட்டவில்லை. மைசூர் தி. சௌடையா (1895–1967) இதற்குத் தீர்வாக ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். மேல்தந்திகளோடு அவற்றின் தாழ்குரல் தந்திகளையும் இணைத்ததால் ஒலி வலுப்பெற்றது. அரியக்குடி இராமானுசர், செம்பை வைத்தியநாதர், முசிறி சுப்பிரமணியர் முதலிய பாடகர்களுக்கு அவர் பக்கவாத்தியம் வாசித்தார். பெங்களூருவில் அவர் நினைவாக 1980இல் திறக்கப்பட்ட மண்டபம் வயலின் வடிவிலேயே கட்டப்பட்டுள்ளது.

சென்னையின் நரம்பிசை நால்வர்

இருபதாம் நூற்றாண்டில் மேலையிசையும் நம்மிசையும் நாள்தோறும் சந்தித்த இடம் சென்னையின் திரையிசைப் பதிவுக்கூடம். அங்குப் பல பத்து வயலின்கள், வயோலாக்கள், செல்லோக்கள் ஒரே வேளையில் இசைக்கப்பட்டன. காலையில் ஒரு படம், மாலையில் மற்றொரு படம் எனக் கலைஞர்கள் உழைத்தனர். எழுதிவைத்த சுரக்குறிப்பைக் கண்டவுடன் பிழையின்றி வாசிக்கும் திறன் அவர்தம் மூலதனம். பாடலைக் கேட்டோர் பாடகரை அறிந்தனர், இசையமைப்பாளரை அறிந்தனர். வில்லேந்திய கைகளை அறிந்தவர் சிலரே. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் திரையிசைக் கலைஞர்களுக்கெனச் சங்கம் அமைத்து, அவர்தம் ஊதியத்துக்காகவும் உரிமைக்காகவும் முன்னின்றார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. இசையும் உழைப்பே என்பதை அச்சங்கம் உணர்த்தியது.

அத்தகைய பதிவுக்கூடங்களில் விளங்கியவர் வயலின் கலைஞர் வி.எஸ். நரசிம்மன். கருநாடக இசையிலும் மேலையிசையிலும் பயிற்சி பெற்ற அவர், கே. பாலசந்தரின் 'அச்சமில்லை அச்சமில்லை' (1984) படத்துக்கு இசையமைத்தவர். இளையராசா 1986இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' என்னும் கருவியிசைத் தொகுப்பில் தனி வயலின் வாசித்தவரும் அவரே. தியாகராசருக்கும் செருமானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது. அவர் 1993ஆம் ஆண்டு 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட்' என்னும் நால்வர் குழுவைத் தொடங்கினார். தியாகராசர் முதலியோரின் கீர்த்தனைகளை இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகியவற்றுக்கென அமைத்து வாசிப்பதே அக்குழுவின் நோக்கம்.

அது தோன்றிய காலத்தையும் கருத வேண்டும். 1990களில் மின்னணு இசைப்பலகையும் கணினியும் பதிவுக்கூடத்துள் நுழைந்தன. முப்பது வயலின்களின் ஒலியை ஒரு விசைப்பலகை போலிசெய்யத் தொடங்கியது. வில்லேந்தியோர் பலர்க்கு வேலை குறைந்தது. பொறிகளின் வரவால் கைத்தொழில் மாறுவதைத் தொழில்நகரத்தார் நன்கறிவர். கூட்டத்தில் ஒருவராய் மறைந்திருந்த கலைஞர், நால்வருள் ஒருவராய் மேடையேறும்போது அவருடைய ஒவ்வோர் ஒலியும் தனித்துக் கேட்கிறது. அவர் தவறினால் அதனை மறைக்க ஆளில்லை. அவர் சிறந்தால் அச்சிறப்பு அவருக்கே உரியது. பொறியால் போலிசெய்ய முடியாத ஒன்று, நால்வர் ஒருவரையொருவர் கேட்டு அந்நொடியில் எடுக்கும் முடிவே ஆகும்.

கமகமும் ஒத்திசையும்

இம்முயற்சியின் அருமையை உணர, இருவகை இசைக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை அறிதல் வேண்டும். நம்மிசை ஒற்றை இழையில் ஓடுவது. ஒரு சுரத்துக்குப் பின் ஒரு சுரமாக, அசைவும் குழைவும் கொண்டு இராகம் விரிகிறது. மேலையிசையில் ஒரே நொடியில் பல சுரங்கள் அடுக்காய் ஒலிக்கின்றன. இதனை ஒத்திசை என்பர். முன்னது நூலிழையென்றால் பின்னது பல இழைகள் குறுக்கும் நெடுக்குமாய்ச் சேர்ந்த நெசவு.

சங்கராபரணம் மேலையாரின் மேஜர் அளவுகோலையும், கீரவாணி அவர்தம் ஆர்மோனிக் மைனர் அளவுகோலையும் சுர அளவில் ஒத்திருக்கின்றன. ஆதலின், இவ்விராகங்களில் ஒத்திசை அமைப்பது ஓரளவு எளிது. தோடி போன்ற இராகங்களில் நிலைமை வேறு. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாமல் அண்டைச் சுரங்களைத் தொட்டு அசைவது. அவ்வசைவே அதன் உயிர். அசையும் அச்சுரத்தின்கீழ் அசையாத சுர அடுக்கொன்றை நிறுத்தினால் இரண்டும் உரசும். அடுக்குக்காக அசைவை நிறுத்தினால் ஒத்திசை இருக்கும்; தோடி இராது.

இச்சிக்கலுக்கு நால்வர் குழு கண்ட வழி, பணியைப் பகிர்தல் ஆகும். முதல் வயலின் கீர்த்தனையைக் கமகம் குன்றாமல் பாடும். ஏனைய மூன்றும் அந்த இராகத்துக்குரிய சுரங்களையே கொண்டு, அசைவுக்கு இடம்விட்டு, கீழிருந்து தாங்கும். வேற்றுச்சுரம் ஒன்றைச் சேர்த்தால் ஒத்திசை இனிமையாகலாம். ஆனால், இராகம் திரிந்துவிடும். எனவே, இராகத்தின் எல்லைக்குள் நின்றே ஒத்திசையைத் தேட வேண்டும். தாளக்கருவி இல்லாத இவ்வமைப்பில், செல்லோவின் தந்தியை விரலால் சுண்டியெழுப்பும் ஒலி சில வேளைகளில் மிருதங்கத்தின் பணியையும் ஏற்கும்.

கலப்பு என்பது இரண்டையும் நீர்க்கச் செய்வதன்று. இரண்டின் இலக்கணத்தையும் முழுமையாய் அறிந்து, எது எங்கே விட்டுக்கொடுக்கலாம், எது கூடாது எனத் தேர்தல் ஆகும்.

'சக்தி' நால்வர்

இக்கலப்பின் மற்றொரு முகம் 1975ஆம் ஆண்டு தோன்றிய 'சக்தி' குழு. ஆங்கிலேய சாசு கிதார் கலைஞர் சான் மக்லாப்ளின், வயலின் கலைஞர் எல். சங்கர், தபேலா மேதை சாகிர் உசேன், கடக்கலைஞர் தெ.ஹ. விநாயகராம் ஆகிய நால்வர் அதன் தூண்கள். தொடக்கத்தில் மிருதங்கக் கலைஞர் ஆர். இராகவனும் உடனிருந்தார். மின்கிதாரின் பேரொலியால் புகழ்பெற்றிருந்த மக்லாப்ளின், இக்குழுவுக்காக மரக்கிதாருக்குத் திரும்பினார். வீணையின் துணைத்தந்திகளை நினைவூட்டும் வகையில் அக்கிதாரில் கூடுதல் தந்திகள் குறுக்கே பூட்டப்பட்டன. சுரக்கட்டைகளுக்கிடையே பலகை குடையப்பட்டதால், தந்தியை இழுத்துக் கமகம் எழுப்ப முடிந்தது. இம்முறை கருவி நம் இலக்கணத்துக்காகத் தன்னை மாற்றிக்கொண்டது.

இந்துத்தானிய தபேலாவும் கருநாடகக் கடமும் ஒரே மேடையில் கேள்வி-பதில் உரையாடல் நிகழ்த்தியது இந்தியர்க்கே புதுமையாக இருந்தது. 1978இல் அக்குழு கலைந்தது. 1997 முதல் வேறு கலைஞர்களுடன் மீண்டும் இயங்கியது. பிற்கால அமைப்பில் மாண்டலின் உ. சீனிவாசும், விநாயகராமின் மகன் செல்வகணேசும் இடம்பெற்றனர். அதன் 'திஸ் மொமென்ட்' தொகுப்பு 2024ஆம் ஆண்டு கிராமி விருது பெற்றது.

அவையைக் கவர்தல் குறையா?

செவ்விசை தன் தூய்மையைக் காக்க வேண்டும், மக்களுக்குப் பிடித்ததை வாசிப்பது தரக்குறைவு என்னும் கருத்து நெடுங்காலமாக உண்டு. வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008) இக்கருத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்டார். நெற்றி நிறைந்த திருநீறும் பெரிய குங்குமமும் மலர்ந்த சிரிப்புமாய் மேடையேறுவார். கீர்த்தனைக்குப்பின் திரைப்பாடல் வரும். பறவையின் குரல் வரும். வலயப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு அவர் நிகழ்த்திய இசைப்போர் கோயில் திடல்களை நிறைத்தது. வித்தைகாட்டல் எனச் சிலர் குறைகூறினர். சபாக்களுக்குள் நுழைந்தறியாத ஆயிரக்கணக்கானோர் அவர்வழியே இராகங்களின் பெயர்களை அறிந்தனர் என்பதும் உண்மை.

உலக அளவிலும் இதே விவாதம் நிகழ்ந்தது. 1973இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'குரோனோசு' நால்வர் குழு, ராக் இசைக்கலைஞர் சிமி எண்டிரிக்சின் பாடலை வயலினில் வாசித்தது. 2005இல் ஆசா போன்சுலேயுடன் இணைந்து ஆர்.டி. பர்மனின் இந்தித் திரைப்பாடல்களைப் பதிவுசெய்தது. போலந்து நாட்டின் 'மோட்சார்ட் குரூப்' நால்வரோ நகைச்சுவையையே தம் கருவியாகக் கொண்டனர். சிரிக்க வைக்கும் அவர்கள் ஒவ்வொருவரும் முறையான செவ்வியல் பயிற்சி உடையவர்கள். இலக்கணம் அறிந்தவரே இலக்கணத்தோடு விளையாட இயலும்.

ஆயினும், ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கைதட்டலுக்காக மட்டும் விரைவைக் கூட்டுவதும், ஒலியைப் பெருக்கிக் குறையை மறைப்பதும் கலப்பாகா. அவையைக் கவர்ந்தபின் அவைக்கு எதனைக் கொடுக்கிறோம் என்பதே அளவுகோல். கூத்துமேடையில் கட்டியங்காரனின் நகைச்சுவை, விழித்திருக்கும் மக்களை அடுத்து வரவிருக்கும் துயரக் காட்சிக்கு ஆயத்தப்படுத்துகிறது. அந்நகைச்சுவைக்கு ஒரு பணி உண்டு. பணியற்ற கவர்ச்சியே குறை.

எல்லை கற்பிக்கும் பாடம்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் மூதறிஞர் இராசாசி. அவர் இயற்றிய 'குறை ஒன்றும் இல்லை' என்னும் பாடல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலால் உலகறிந்தது. சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி என்னும் மூன்று இராகங்களில் அப்பாடல் அமைந்துள்ளது. எளிய தமிழில் அமைந்த அது சபா மேடையிலும் ஒலிக்கிறது. வீட்டுத் திண்ணையிலும் ஒலிக்கிறது. செவ்விசைக்கும் மெல்லிசைக்கும் இடையிலுள்ள வேலி, பாடல் நல்லதாயின் தானே தாழ்ந்துவிடுகிறது.

எல்லைப்பகுதி மாணவர் வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் மற்றொரு மொழியும் பேசுவது இயல்பு. அதனால் தமிழின் இலக்கணமோ கன்னடத்தின் இலக்கணமோ கெடுவதில்லை. இரண்டையும் அரைகுறையாய்க் கற்கும்போதுதான் கெடுகிறது. நால்வர் இசையும் அத்தகையதே. நான்கு குரல்கள், நான்கு இயல்புகள், ஒரு பாடல். தன் குரலை இழக்காமல் பிறர் குரலுக்கு இடம்கொடுக்கும் இப்பண்பு இசைமேடைக்கு மட்டுமன்றி, பல மொழியினரும் பல ஊரினரும் சேர்ந்து வாழும் நிலத்துக்கும் உரியது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதியில் நிகழும் தெருக்கூத்து, பம்பை, நாகசுரம் முதலிய நிகழ்வுகளுள் ஒன்றனுக்குச் சென்று, அதில் இடம்பெறும் கருவிகளையும் ஒவ்வொன்றன் பணியையும் அட்டவணைப்படுத்துக.
2. ஒரே பாடலைத் தனிக்குரலிலும் குழுவிசையிலும் கேட்டு, வேறுபாடுகளை வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. "மரபிசையில் திரையிசையைக் கலக்கலாமா?" என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

சரியான இணையைத் தேர்ந்தெடுக்க.
அ) முகவீணை – நரம்புக்கருவி
ஆ) வயோலா – துளைக்கருவி
இ) கடம் – தாளக்கருவி
ஈ) செல்லோ – தோற்கருவி

*குறுவினா*

1. பல்லியம் – பொருள் கூறுக.
2. நரம்பிசை நால்வர் குழுவில் இடம்பெறும் கருவிகள் யாவை?
3. நோட்டுசுர சாகித்தியம் – குறிப்பு வரைக.

*சிறுவினா*

1. கருநாடக இசைக்கு ஏற்ப வயலின் வாசிப்புமுறை மாறிய விதத்தை விளக்குக.
2. தோடி இராகத்தில் ஒத்திசை அமைப்பது அரிது – ஏன்?
3. பதிவுக்கூடக் கலைஞர்க்கு நால்வர் குழு அளித்த வாய்ப்பினை எடுத்துரைக்க.

*நெடுவினா*

"பணியற்ற கவர்ச்சியே குறை" என்னும் கருத்தைப் பாடத்திலுள்ள சான்றுகளாலும் நீங்கள் கண்ட கலைநிகழ்வாலும் நிறுவுக.